பள்ளிக்கூடமும் பிள்ளை மனமும்: கிள்ளான் பள்ளத்தாக்கு கூறும் வரலாறு



பள்ளியில் சேருவதற்கு முன்னுள்ள குழந்தையை நாம் எல்லாரும் அறிவோம். மழை ஏன் மேலிருந்து கீழே விழுகிறது, நிலா ஏன் நம்மோடு கூடவே வருகிறது, ரயில் ஏன் தண்டவாளத்தை விட்டு இறங்குவதில்லை என்று அது ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அதே குழந்தை ஆறாம் ஆண்டை முடிக்கும்போது பெரும்பாலும் ஒரே ஒரு கேள்விதான் எஞ்சி நிற்கிறது: ‘இது தேர்வுக்கு வருமா?’ இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் மற்றக் கேள்விகளெல்லாம் எங்கே போயின? வயது ஏற ஏறத் தாமே உதிர்ந்துவிட்டனவா? அல்லது பள்ளிக்கூடமே அவற்றை வெளியே நிறுத்திவிட்டதா?

ஆசிரியர்களைக் குறை கூறுவது இன்றைய பேச்சின் நோக்கமன்று. ஓர் ஆசிரியர் தாம் பயின்ற முறையிலேயே கற்பிக்கிறார். அவருக்குக் கற்பித்தவரும் அவ்வாறே செய்தார். ஆகவே, இந்தப் பழக்கம் எப்போது, எவ்வாறு, யாருடைய தேவைக்காக நம் பள்ளிகளுக்குள் நுழைந்தது என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே பொருத்தமாகும். அதற்குக் கோலாலம்பூரையும் கிள்ளானையும் சுற்றியுள்ள நிலப்பகுதியே நல்ல சான்றாக விளங்குகிறது.

முதலில், ஆக்கச் சிந்தனை என்று நாம் எதனைக் குறிக்கிறோம்? 1950ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்த கில்போர்டு என்னும் அறிஞர், மனிதச் சிந்தனையில் இரு போக்குகள் உண்டு என்னும் கருத்துக்கு வழிகோலினார். பல செய்திகளிலிருந்து ஒரே சரியான விடையை நோக்கிக் குவிவது ஒன்று. ஒரு செய்தியிலிருந்து பல விடைகளை நோக்கி விரிவது மற்றொன்று. மனிதனுக்கு இரண்டும் வேண்டும். பள்ளிக்கூடமோ முதலாவதற்கு மட்டுமே மதிப்பெண் வழங்குகிறது. இரண்டாவதற்கு அதன் மதிப்பெண் ஏட்டில் கட்டமே இல்லை. கில்போர்டைத் தொடர்ந்து ஆராய்ந்த டாரன்ஸ் என்பவர், அமெரிக்கச் சிறுவர் பலரிடம் நான்காம் வகுப்பை ஒட்டி இந்த விரிசிந்தனை ஒரு சரிவைக் காண்கிறது என்று கண்டறிந்தார். எல்லா நாட்டுக்கும் இதனை அப்படியே பொருத்திவிட இயலாது. ஆயினும் நம்மைச் சிந்திக்கத் தூண்டும் செய்தி இது.

இனி வரலாற்றுக்கு வருவோம். நம் முன்னோர் அறிந்திருந்த பள்ளி திண்ணைப் பள்ளிக்கூடம். அங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினர். ஏட்டுச் சுவடியைப் பார்த்து ஓதினர். எண்சுவடியை மனப்பாடம் செய்தனர். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக்கொடுத்தான். மனனமே அந்தக் கல்வியின் முதுகெலும்பு. பிரம்பும் அங்கே உண்டு. அது குறையற்ற பொற்காலம் என்று நாம் பாராட்ட வேண்டியதில்லை. சாதியின் பெயரால் பலருக்கு அதன் கதவு அடைபட்டே இருந்தது. ஆனால் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குக் கற்பிப்பது என்னும் அருமையான கூறு அதில் இருந்தது. சென்னை எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் இம்முறையைக் கண்டு வியந்து, தம் பள்ளியில் கையாண்டு, 1797இல் அதைப் பற்றி இங்கிலாந்தில் நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு அது ஐரோப்பாவில் பரவியது. ஆனால் பரவியபோது அதன் நோக்கம் மாறிவிட்டது. தொழிற்சாலைகள் பெருகிய இங்கிலாந்தில், குறைந்த செலவில், மிகுதியான பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து நடத்தும் ஏற்பாடாக அது ஆயிற்று.

அதற்கு மேலும் ஓர் இறுக்கம் 1862இல் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டில் இங்கிலாந்து அரசு, பள்ளிகளுக்கு அளிக்கும் மானியத்தைப் பிள்ளைகளின் தேர்ச்சியோடு இணைத்தது. ஆய்வாளர் வருவார், வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார், தேறிய பிள்ளைக்கு இவ்வளவு பணம் என்று கணக்கிடப்படும். அந்நாளில் பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றிய கவிஞர் மாத்யூ ஆர்னால்டு இத்திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். பிள்ளையின் மனம் வளர்கிறதா என்பதைப் பார்ப்பதற்கு மாறாக, ஆய்வாளர் கேட்கக்கூடிய கேள்விக்குப் பிள்ளை விடை சொல்லுமா என்பதை மட்டுமே ஆசிரியர் பார்க்கத் தொடங்குவார் என்று அவர் அஞ்சினார். அவர் அஞ்சியவாறே நடந்தது. முப்பது நாற்பது ஆண்டுகளில் இங்கிலாந்து அத்திட்டத்தைக் கைவிட்டது. ஆனால் தேர்ச்சியைக் கொண்டே பள்ளியை எடைபோடும் மனப்பான்மை கடல் கடந்து குடியேற்ற நாடுகளில் ஊன்றிவிட்டது.

அதே காலத்தில் கோலாலம்பூர் ஒரு நகரமாக உருவாகிக்கொண்டிருந்தது. 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே ஊழியர் குடியிருப்பாக வளர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்தவர்கள் நிலைய அதிபர்களாகவும் கணக்கர்களாகவும் எழுத்தர்களாகவும் அமர்ந்தனர். 1893இல் விக்டோரியா கல்விக்கூடம் தொடங்கப்பட்டது. அதன் தொடக்ககால அறங்காவலருள் ஒருவராக நம் கா. தம்புசாமிப் பிள்ளை விளங்கினார் என்பது நாம் பெருமைப்படத்தக்கது. 1904இல் எழுந்த விவேகானந்த ஆசிரமம் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் கல்விப் பணிக்கு ஒரு நிலைக்களம் ஆயிற்று.

இத்தகைய ஆங்கிலப் பள்ளிகள் அளித்த நன்மையை யாரும் மறுக்கவியலாது. மருத்துவரும் வழக்குரைஞரும் ஆசிரியரும் அங்கிருந்து தோன்றினர். ஆனால் அரசு அவற்றிடம் எதிர்பார்த்தது என்ன? கோப்பை ஒழுங்காக வைக்கவும், கடிதத்தைப் பிழையின்றிப் படியெடுக்கவும், மேலதிகாரி சொன்னதைச் சொன்னவாறே செய்யவும் வல்ல எழுத்தர்களை. கேம்பிரிட்ஜில் அமைக்கப்பட்ட வினாத்தாள் கப்பலேறி வரும். விடைத்தாள் கப்பலேறித் திரும்பும். விடைத்தாளைத் திருத்துபவர் கோம்பாக் ஆற்றையோ கிள்ளான் ஆற்றையோ கண்டவரல்லர். அவருக்குத் தெரிந்த விடையே சரியான விடை. பிள்ளையின் கண்முன்னே இருந்த உலகம் தேர்வுக்கு வெளியே நின்றது.

நகரத்தில் இவ்வாறென்றால், தோட்டப்புறத்தில் நிலைமை வேறு. மலாயாவில் தமிழ்க் கல்வி 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியில் ஒரு வகுப்பாகத் தொடங்கியது. ஆனால் அது பரவலானது ரப்பர்த் தோட்டங்களோடுதான். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தாக வேண்டும் என்று விதித்தது. சட்டம் கட்டடத்தைக் கேட்டது. கல்வியின் தரத்தைப் பற்றி அது அதிகம் கவலைப்படவில்லை. பல தோட்டங்களில் ஒரு கொட்டகையே பள்ளி. கங்காணியோ கிராணியோ, சற்றுப் படித்த தொழிலாளியோ ஆசிரியர். ஒரே அறையில் எல்லா வகுப்புகளும் ஒருசேர நடந்தன. மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்போடு பலருடைய படிப்பு முடிந்தது. பிறகு பிள்ளை பெற்றோருக்குத் துணையாக நிரைக்குப் போனது, மங்கு துடைத்தது, கட்டிப்பால் பொறுக்கியது.

இந்த ஏற்பாடு தற்செயலானது என்று கருதுவதற்கில்லை. 1920இல் மலாய் மாநிலக் கூட்டரசின் தலைமைச் செயலராக இருந்த ஜார்ஜ் மாக்ஸ்வெல், மலாய்ப் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது, மீனவனின் மகனைத் தந்தையினும் அறிவுள்ள மீனவனாகவும், குடியானவனின் மகனை அறிவுள்ள குடியானவனாகவும் ஆக்குவதே அரசின் நோக்கம் என்ற கருத்தை வெளியிட்டார். தோட்டப் பள்ளியைப் பொறுத்தவரை அந்த அளவுகூட யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. மரம் சீவுபவரின் பிள்ளை மரம் சீவும் என்பது சொல்லாமலே விளங்கிய முடிவு. கேள்வி கேட்கும் பிள்ளை அந்த ஏற்பாட்டுக்குத் தேவையில்லை.

பாடநூல்களோ பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்தவை. பிள்ளை அறிந்த பணம் வெள்ளியும் காசும். நூலில் இருந்தவை ரூபாயும் அணாவும். பிள்ளை நாள்தோறும் கண்டவை ரப்பர்க் காடும், பெரட்டுக்களமும், ஈயக்குட்டையும். நூல் பேசியவை வேறொரு நாட்டின் வயலும் ஆறும். ஒரு நிரையில் இத்தனை மரம், ஒரு மரத்துக்கு ஒரு மங்கு, நிரையின் பால் எவ்வளவு என்று தந்தை நாள்தோறும் போட்ட மனக்கணக்குப் பள்ளிக்குள் நுழையவேயில்லை. தாய்மொழியிலேயே கற்றபோதும், தன் வாழ்வைப் பற்றி எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. நகரத்துப் பிள்ளையின் கற்பனையைத் தேர்வு நெருக்கியது. தோட்டத்துப் பிள்ளையின் கற்பனையைப் புறக்கணிப்பு நெருக்கியது.

இந்தக் காலகட்டத்தில்தான், 1927இல், கவியரசர் ரவீந்திரநாத் தாகூர் மலாயாவுக்கு வந்தார்; கோலாலம்பூருக்கும் வருகை புரிந்தார். சிறு வயதில் பள்ளிக்கூடத்தை வெறுத்து ஓடிய அவர், 1901இல் சாந்திநிகேதனத்தில் மரநிழலில் தமது பள்ளியைத் தொடங்கியவர். ஒரு கிளிக்குக் கல்வி கற்பிக்க முயன்ற அரசனைப் பற்றி அவர் எழுதிய சிறுகதை உலகப் புகழ் பெற்றது. கிளிக்குப் பொற்கூண்டு செய்கிறார்கள், ஏடுகளைக் குவிக்கிறார்கள், பண்டிதர்களும் மேற்பார்வையாளர்களும் பெருகுகிறார்கள், கிளியின் வாயில் ஏட்டுத் தாள்களைத் திணிக்கிறார்கள். இறுதியில் கிளி இறந்துபோகிறது. அது இறந்ததைக்கூட யாரும் உடனே கவனிக்கவில்லை. கோலாலம்பூரின் எழுத்தர் பள்ளிகளுக்கும் சுற்றியிருந்த தோட்டக் கொட்டகைகளுக்கும் அந்தக் கதை ஒருங்கே பொருந்தும். ஓரிடத்தில் கூண்டு பொன்னாலானது. மற்றோரிடத்தில் கூண்டு கூட ஓட்டையானது.

ஆனால் பெற்றோர் இதனை உணராதவர்களா? இல்லை என்பதற்குக் கிள்ளான் வட்டாரமே சான்று பகர்கிறது. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் மாவட்டத் தோட்டத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் அவர்களை ஒன்றுதிரட்டியது. கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது. மருத்துவ வசதி இருந்தது. கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பது இருந்தது. பெண்களுக்குப் பாதுகாப்பு இருந்தது. துரையையோ கிராணியையோ கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் இருந்தது. அவற்றோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டார். பின்பு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். மிதிவண்டியில் அமர்ந்து செல்லும் உரிமையையும் பிள்ளையின் கல்வியையும் ஒரே பட்டியலில் எழுதிய அந்த எளிய மக்கள், கல்வியின் உட்பொருளை நன்றாகவே அறிந்திருந்தனர். தலைநிமிர்ந்து நிற்கக் கற்றுத்தருவதே கல்வி என்பது அவர்கள் கருத்து.

போருக்குப் பின், பள்ளி செய்யத் தவறியதைப் பத்திரிகைகள் செய்தன. 1950ஐ ஒட்டித் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ ஒன்றை நடத்தினர். சிங்கப்பூரிலிருந்து கோ. சாரங்கபாணி நடத்திய தமிழ் முரசு, 1950களில் மாணவர் மணிமன்றத்தைத் தோற்றுவித்து, சிறுவர் எழுத்துக்கு இடமளித்தது. கொஞ்சமே பள்ளிப் படிப்புப் பெற்ற இளைஞர் பலர் இத்தகைய பக்கங்களில் எழுதிப் பழகினர். மலேசியத் தமிழ் எழுத்தாளர் பரம்பரை ஒன்று அவ்வாறு உருவாயிற்று. கவனிக்க வேண்டிய செய்தி என்னவென்றால், அங்கேயும் வகுப்பு இருந்தது, திருத்தம் இருந்தது, கண்டிப்பும் இருந்தது. ஆனால் எழுதுபவன் தன் தோட்டத்தை, தன் தாயை, தன் பசியை எழுதலாம். அந்த ஒரு வேறுபாடு போதுமானதாக இருந்தது. ஆகவே, ஒழுங்கும் பயிற்சியும் கற்பனைக்குப் பகை என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது.

விடுதலைக்குப் பின் நிலைமை பெரிதும் மாறியது. 1956இன் ரசாக் அறிக்கையும், 1960இன் ரஹ்மான் தாலிப் அறிக்கையும், 1961இன் கல்விச் சட்டமும் தமிழ்ப் பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தன. நாட்டைப் பற்றிய பாடத்திட்டம், பயிற்சி பெற்ற ஆசிரியர், மலேசியச் சூழலைப் பேசும் பாடநூல் ஆகியவை கிடைத்தன. ஆனால் தேர்வும் கூடவே வந்தது. 1960களின் தொடக்கம் வரை, தொடக்கப் பள்ளியை முடித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே நுழைவுத் தேர்வின் மூலம் இடைநிலைப் பள்ளிக்குச் செல்ல முடிந்தது. பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளையின் வாழ்வு முடிவு செய்யப்பட்டது. அத்தேர்வு நீக்கப்பட்டு, 1965 முதல் எல்லாருக்கும் கீழ்நிலை இடைநிலைக் கல்வி கிடைத்தது. அப்போதும் தமிழ்ப் பள்ளி மாணவர் புதுமுக வகுப்பில் ஓராண்டு கழித்து வேறொரு மொழியில் தொடர வேண்டியிருந்தது. புதிய மொழியில் சரியான சொல்லைத் தேடும் பிள்ளைக்குப் புதிய கருத்தைத் தேட நேரம் எங்கே?

1982இல் முன்னோடியாகவும் 1983இல் நாடு முழுவதும் அறிமுகமான தொடக்கப் பள்ளிப் புதிய கலைத்திட்டம், இந்தக் குறையைப் போக்கும் நன்னோக்கம் கொண்டது. வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் அடிப்படைகளோடு, பிள்ளையின் முழு வளர்ச்சியையும் அது பேசியது. குழுமுறைக் கற்றல், விளையாட்டு வழிக் கற்றல் ஆகியவை வகுப்பறைக்கு வந்தன. அந்தக் கலைத்திட்டத்தின் முதல் மாணவர்கள் 1988இல் ஆறாம் ஆண்டை எட்டியபோது, யு.பி.எஸ்.ஆர். தேர்வும் பிறந்தது. அதன் பின்னர் வகுப்பறை மெல்ல மெல்லத் தேர்வின் பக்கம் சாய்ந்தது. பயிற்சி நூல்கள் பெருகின. முன்னோட்டத் தேர்வு, முன்னோட்டத்துக்கு முன்னோட்டம், மாலையில் டியூஷன் என்று ஐந்தாம் ஆறாம் ஆண்டுகள் கழிந்தன. எத்தனை ‘ஏ’ என்பதே பள்ளியின் புகழாயிற்று. மாத்யூ ஆர்னால்டு நூறாண்டுக்கு முன் கண்டதையே நாம் மீண்டும் கண்டோம்.

இதில் வியப்பூட்டுவது, கற்பனையே பாடமாகியபோது நேர்ந்த கதி. தமிழ்க் கட்டுரைத் தாளில் தன்கதைக் கட்டுரை என்றொரு வகை உண்டு. ‘நான் ஒரு மிதிவண்டி’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். ஓர் உயிரற்ற பொருளாகத் தன்னை எண்ணிப் பார்த்து எழுதுவது எவ்வளவு உயர்ந்த கற்பனைப் பயிற்சி! ஆனால் மாதிரிக் கட்டுரை நூல்களில் மிதிவண்டியும் பேனாவும் காலணியும் ஒரே வாழ்க்கையைத்தான் வாழ்கின்றன. தொழிற்சாலையில் பிறக்கின்றன, கடைக்கு வருகின்றன, ஒருவர் வாங்குகிறார், உழைக்கின்றன, பழுதாகி மூலையில் கிடக்கின்றன. இடையிடையே மனப்பாடம் செய்த மரபுத்தொடர் ஒன்று, உவமைத்தொடர் ஒன்று, இறுதியில் பழமொழி ஒன்று. பிள்ளை நல்ல மதிப்பெண் பெறுகிறது. ஆனால் ஒரு கணமாவது அது மிதிவண்டியாக இருந்து பார்த்ததா?

இவ்வாறு கூறும்போது மறுபக்கத்தையும் எண்ணிப் பார்ப்பது நம் கடமை. தோட்டத்திலிருந்தும் புறம்போக்குக் குடியிருப்பிலிருந்தும் வெளியேறத் துடித்த குடும்பத்துக்குத் தேர்வு ஒன்றே ஏணியாக இருந்தது. பரிந்துரை இல்லாதவனுக்கும் பணம் இல்லாதவனுக்கும் மதிப்பெண் ஒன்றே சான்று. ‘கற்பனை எல்லாம் வசதியுள்ளவர்களுக்கு, என் பிள்ளை முதலில் தேறட்டும்’ என்று ஒரு தாய் கூறினால், அவரைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. அவ்வாறே மனனமும் வீணன்று. வாய்பாடும் குறளும் நெஞ்சில் இருந்தால்தான் அவற்றைக் கொண்டு புதிதாக எதையும் கட்ட முடியும். மனப்பாடத்தோடு கல்வி நின்றுவிடுவதையே நாம் குறையென்கிறோம். கையில் கல்லும் மண்ணும் கொடுத்துவிட்டு, வீடு கட்ட நேரமில்லை என்று சொல்வது போன்றது அது.

2011இல் தொடக்கப் பள்ளித் தரக் கலைத்திட்டம் வந்தது. 2013இல் தொடங்கிய தேசியக் கல்விப் பெருந்திட்டம் உயர்நிலைச் சிந்தனையை வலியுறுத்தியது. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வே நீக்கப்பட்டது. ஆனால் தேர்வு போனவுடன் தேர்வு மனப்பான்மையும் போய்விடும் என்று எண்ணுவதற்கில்லை. உயர்நிலைச் சிந்தனைக்கே மாதிரி வினாவிடை நூல் விற்கப்படும் நிலையை நாம் காண்கிறோம். சிந்திக்கும் வினாவுக்கு விடையை முன்கூட்டியே மனப்பாடம் செய்தால் அது எவ்வாறு சிந்தனையாகும்? மற்றொரு புறம், தமிழ்ப் பள்ளி மாணவர் அறிவியல் விழாக்களிலும் அனைத்துலகப் புத்தாக்கப் போட்டிகளிலும் பதக்கம் பெற்று வருவதையும் பார்க்கிறோம். நம் பிள்ளைகளிடம் ஆற்றல் குறையவில்லை என்பதற்கு அது போதிய சான்று. சில பிள்ளைகளுக்குப் போட்டிக்காகக் கிடைக்கும் அந்த வாய்ப்பு, எல்லாப் பிள்ளைகளுக்கும் நாள்தோறும் வகுப்பறையில் கிடைக்க வேண்டும்.

அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. நாள்தோறும் ஒரே ஒரு வினாவாவது ஒன்றுக்கு மேற்பட்ட விடையுடையதாக அமையட்டும். தவறான விடை சொன்ன பிள்ளையை உட்காரச் சொல்வதற்கு முன், ‘எப்படி அந்த விடைக்கு வந்தாய்?’ என்று கேட்கலாம். அந்தத் தவறுக்குள்ளே ஒரு நல்ல சிந்தனை மறைந்திருப்பதை ஆசிரியர் பலமுறை காண்பார். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறையை நினைவிற்கொண்டு, ஒரு மாணவன் இன்னொருவனுக்கு விளக்கும் வாய்ப்பைத் தரலாம். பெற்றோர், ‘இன்று எத்தனை மதிப்பெண்?’ என்று கேட்பதோடு, ‘இன்று என்ன கேள்வி கேட்டாய்?’ என்றும் கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையின் சொந்த ஊரும் குடும்பமும் வகுப்பறைக்குள் வரவேண்டும். கிள்ளானில் ஒரு மாணவி ‘நான் ஒரு மிதிவண்டி’ என்று எழுத உட்காரும்போது, தன் பாட்டனாரோ முப்பாட்டனாரோ ஒரு காலத்தில் துரையைக் கண்டு மிதிவண்டியை விட்டு இறங்கி நின்றார் என்பதையும், இறங்கமாட்டோம் என்று 1941இல் அவ்வூர் மக்கள் எழுந்து நின்றனர் என்பதையும் அவள் அறிந்திருந்தால், அந்த மிதிவண்டி தொழிற்சாலையில் பிறந்து மூலையில் முடியும் கதையை மட்டும் சொல்லாது. தன்மேல் அமர்ந்திருந்தவர் இறங்கிய நாளையும், பிறகு இறங்காமல் சென்ற நாளையும் அது சொல்லும். அந்தக் கட்டுரையை எந்த மாதிரி நூலிலும் காண முடியாது.

பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்று அன்று கேட்டவர்கள் கட்டடத்தை மட்டும் கேட்கவில்லை. கட்டடம் இன்று கிடைத்துவிட்டது. ஆசிரியரும் நூலும் கிடைத்துவிட்டன. அந்தக் கோரிக்கையின் எஞ்சிய பகுதியை நிறைவேற்றுவது நம் பொறுப்பாகும்.